குழாய்நீரிலிருந்து குருதிக்கு: சீரம் இரும்பை அளந்த வேதிப்பொருள்களின் வரலாறு

1970ஆம் ஆண்டு ‘அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி’ இதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் லாரன்ஸ் ஸ்டூக்கி. அவர் பணியாற்றிய இடம் மருத்துவமனையும் அன்று, மருத்துவக் கல்லூரியும் அன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரில் இயங்கிய ஹாக் வேதிப்பொருள் நிறுவனத்தில் அவர் வேதியியலாளர். நீரின் தரத்தைச் சோதிப்பதற்கான பொருள்களை ஆக்கி விற்பது அந்நிறுவனத்தின் தொழில். நீரில் கரைந்துள்ள இரும்போடு சேர்ந்து ஆழ்ந்த செம்மை கலந்த ஊதா நிறம் தரும் ஒரு புதிய வினைக்காரணியைக் கட்டுரை அறிமுகப்படுத்தியது. அதற்கு ஃபெரோசின் என்று பெயரிட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1971இல், கார்ட்டர் என்பவரும், பெர்செய்ன் தலைமையிலான குழுவினரும் தனித்தனியே அதே பொருளைக் கொண்டு மனித இரத்தச் சீரத்தில் உள்ள இரும்பை அளக்கும் வழிமுறைகளை வெளியிட்டனர். குடிநீருக்கென வந்த பொருள் ஓராண்டுக்குள் குருதிக்குள் புகுந்துவிட்டது. இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளின் தானியங்கி இயந்திரங்களில் சீரம் இரும்பை அளக்கும் புட்டிகள் பலவற்றில் இருப்பது ஃபெரோசின் அல்லது அதன் நெருங்கிய உறவுப் பொருள்.

ஆய்வகத் தானியக்கத்தின் வரலாறு பொதுவாக இயந்திரத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முன்பு கையால் செய்த வேதியியலையே இயந்திரம் விரைவாகச் செய்தது என்பது அதன் சுருக்கம். இரும்பின் கதை அப்படிச் சொல்லவில்லை. எந்த வேதியியல் நீடிக்கும், எது கைவிடப்படும் என்பதை இயந்திரமே தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வில் பழைய பிழைகள் சில மறைந்தன. வேறு சில, கையிலிருந்து புட்டிக்குள் இடம்பெயர்ந்தன.

ஐந்நூறில் ஒரு பங்கு

வளர்ந்த மனித உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், அதில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஆனால் அணுக்களை நீக்கிய பின் எஞ்சும் மஞ்சள் நிறச் சீரத்தில், அதே 100 மில்லிலிட்டருக்கு, இருப்பது சுமார் 100 மைக்ரோகிராம்தான். அதாவது முழு இரத்தத்தில் உள்ளதில் ஐந்நூறில் ஒரு பங்கு.

இந்தச் சிறு பங்கு பயணத்தில் இருக்கும் இரும்பு. குடலிலிருந்தும், மடிந்த சிவப்பணுக்களைச் சிதைக்கும் செல்களிலிருந்தும், எலும்பு மச்சைக்குச் செல்லும் வழியில் அது சீரத்தில் தென்படுகிறது. எந்தவொரு நேரத்திலும் பிளாஸ்மாவில் இருப்பது சுமார் 3 மில்லிகிராம். ஆனால் நாளொன்றுக்கு அவ்வழியே கடந்து செல்வது 20 மில்லிகிராமுக்கும் மேல். அது தனியாகவும் செல்வதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதனை ஃபெரிக் வடிவில் இறுகப் பற்றிச் சுமந்து செல்கிறது.

ஆகவே சீரம் இரும்பை அளக்க முற்படுபவர் நான்கு செயல்களைச் செய்தாக வேண்டும். முதலாவது, புரதத்தின் பிடியிலிருந்து இரும்பை விடுவித்தல். அமிலம் இதைச் செய்யும். இரண்டாவது, ஃபெரிக் வடிவத்தை ஃபெரஸ் வடிவமாக ஒடுக்குதல். அஸ்கார்பிக் அமிலம், தயோகிளைகாலிக் அமிலம், ஹைட்ராக்சிலமீன் போன்றவை இதற்கு உதவும். மூன்றாவது, ஃபெரஸ் இரும்போடு அணைவுச் சேர்மமாகி நிறம் தரும் பொருளைச் சேர்த்தல். நான்காவது, இரும்பல்லாத பிறவற்றை வாய் திறக்காமல் வைத்தல். வினைக்காரணிகளின் வரலாறு முழுவதும் இந்த நான்கு செயல்களுக்கும் இடையே நடந்த பேரமே.

கைவழிக் காலம்

நிறம் தரும் பொருள்கள் மருத்துவத்துக்கு வெளியே பிறந்தவை. வியன்னாவின் ஃபிரிட்ஸ் பிளவ் 1888இல் பைபிரிடின் என்னும் சேர்மத்தையும், அது ஃபெரஸ் இரும்போடு தரும் சிவப்பு நிறத்தையும் அறிவித்தார். பத்தாண்டுகளுக்குப் பின் அதன் உறவான பினாந்த்ரோலினின் அணைவுச் சேர்மங்களையும் விவரித்தார். பிற்காலத்தில் அவர் மின்விளக்குத் தொழிலுக்குச் சென்று, ஓஸ்ராம் விளக்குகளோடு தொடர்புடையவராகவே பெரிதும் அறியப்பட்டார். அவர் கண்ட மூலக்கூறுகள் இரத்தத்தைத் தொடுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

சீரத்தில் ஹீமோகுளோபினைச் சாராத இரும்பு உண்டு என்பதும், சோதனைமுறையில் உண்டாக்கிய இரத்தசோகையில் அது குறைகிறது என்பதும் 1925இல் பிரெஞ்சு ஆய்வாளர்களான ஃபொன்டெஸ், திவோல் இருவராலும் வெளியிடப்பட்டன. 1937இல் ஜெர்மனியின் யேனாவில் லுட்விக் ஹைல்மையரும் புளோட்னரும் சீரம் இரும்பையும் இரும்புக்குறை நோயையும் பற்றிய நூலை வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது பினாந்த்ரோலின். சீரம் இரும்பு ஒரு மருத்துவ எண்ணாக உருப்பெற்றதில் இந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

1940களில் இரும்பைச் சுமக்கும் புரதமும் அடையாளம் காணப்பட்டது. நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுப்பது எது என்று தேடிய ஷேட், கரோலைன் இருவரும் முதலில் முட்டை வெண்கருவிலும், 1946இல் மனித பிளாஸ்மாவிலும் இரும்பைப் பற்றும் புரதத்தைக் கண்டனர். ஸ்வீடனின் ஹோல்ம்பெர்க், லாரெல் இருவரும் 1947இல் அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயரிட்டனர். இரும்பு எங்கே பிணைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே, அதை முழுமையாக விடுவித்தோமா என்ற கேள்வியைத் துல்லியமாகக் கேட்க முடிந்தது.

அக்காலத்துக் கைவழி முறை பொறுமையைக் கோரியது. சீரத்தோடு அமிலத்தையும் ஒடுக்கும் பொருளையும் சேர்த்து, இரும்பை விடுவித்து, டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தால் புரதங்களை வீழ்படியச் செய்ய வேண்டும். மையவிலக்கில் சுழற்றித் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, அதன் அமிலத்தன்மையைத் தணித்து, நிறமூட்டியைச் சேர்த்து, ஒளிமானியில் வைக்க வேண்டும். பல மில்லிலிட்டர் சீரம் செலவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு எங்கும் இருப்பது. கண்ணாடிக் கலன்களிலும், தூசியிலும், ரப்பர் அடைப்பானிலும், வாலை வடித்த நீரிலும், வினைக்காரணிகளிலேயே கூடவும் அது ஒளிந்திருக்கும். ஒவ்வொரு கலத்தையும் அமிலத்தில் ஊறவைத்து இரும்பற்ற நீரில் அலசுவது அன்றாடக் கடமை. ஆய்வகப் பணியாளரின் தூய்மையே அளவீட்டின் துல்லியமாக இருந்தது.

அன்றைய நிறமூட்டிகளின் வலுவும் குறைவு. பைபிரிடின் இரும்புச் சேர்மத்தின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 8,650; பினாந்த்ரோலினுக்கு சுமார் 11,100. இந்த எண்களின் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். டெசிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இரும்புள்ள சீரத்தை, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வினைக்காரணி சேர்த்து, ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள கலத்தில் அளந்தால், பினாந்த்ரோலின் தரும் ஒளி உறிஞ்சல் 0.02 மட்டுமே. கலத்தின் சுவரில் படிந்த ஒரு விரல்ரேகை இதைவிடப் பெரிய எண்ணைக் காட்டக்கூடும்.

வலுவான நிறமூட்டிகளுக்கான தேடலை முன்னெடுத்தது நீர்ப் பகுப்பாய்வு. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் கேஸ் பினாந்த்ரோலின் குடும்பத்தில் புதிய சேர்மங்களைத் தொடர்ந்து தொகுத்து வந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் ஸ்மித்தும், ஏம்ஸில் அயோவா மாநிலக் கல்லூரியின் ஹார்வி டீலும் அவற்றைப் பகுப்பாய்வுக் கருவிகளாக்கினர். பினாந்த்ரோலினோடு இரு பீனைல் வளையங்கள் சேர்ந்த பாத்தோபினாந்த்ரோலினைக் கொண்டு நகராட்சிக் குடிநீரில் இரும்பை அளக்கும் முறை 1952இல் வெளிவந்தது. அதன் உறிஞ்சுதிறன் 22,000க்கும் மேல். பினாந்த்ரோலினைப்போல் இரு மடங்கு. 1953இல் அது சீரத்துக்கு வந்தது. ஆனால் அப்பொருள் நீரில் கரையாது. ஆல்கஹாலில் பிரித்தெடுத்தே நிறத்தை அளக்க முடியும். 1956இல் டிரிண்டர், மூலக்கூறில் சல்போனிக் தொகுதிகளைச் சேர்த்து அதனை நீரில் கரையக் கூடியதாக்கிச் சீரத்தில் பயன்படுத்தினார். கைவழிக் காலத்தில் இது ஒரு வசதி. அடுத்து வந்த இயந்திரத்துக்கோ இது இன்றியமையாத தகுதியாயிற்று.

குமிழிகளின் இயந்திரம்

1957இல் லெனார்ட் ஸ்கெக்ஸ் நிறமானி முறைப் பகுப்பாய்வுக்கான ஒரு தானியங்கி முறையை வெளியிட்டார். அவர் கிளீவ்லாந்து நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் உயிர்வேதியியலாளர். எட்வின் வைட்ஹெட் தலைமையிலான டெக்னிகான் நிறுவனம் அதனை ஆட்டோஅனலைசர் என்னும் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதன் அமைப்பு எளிமையானது. வெவ்வேறு உள்விட்டமுள்ள நெகிழிக் குழாய்களை உருளைகள் ஒரே சீராக அழுத்திச் செல்லும். எந்தக் குழாயில் எவ்வளவு பாயும் என்பதை அதன் விட்டமே தீர்மானிக்கும். ஒரு மாதிரி அடுத்ததோடு கலந்துவிடாமல் இருக்கக் காற்றுக் குமிழிகள் ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். புரதத்தை நீக்குவதற்கு வீழ்படிவும் மையவிலக்கும் இல்லை. அவ்விடத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருந்தது. சவ்வின் ஒரு பக்கம் சீரம், மறுபக்கம் பெறுநீர். சிறு மூலக்கூறுகள் கடந்து செல்லும், புரதங்கள் தங்கிவிடும். இறுதியில் நிறமானியும், வரைதாளில் மேடுகளைக் கீறும் எழுதுகோலும்.

இந்த இயந்திரம் பகுப்பாய்வின் அடிப்படைக் கொள்கையொன்றையே மாற்றியது. கைவழி முறையில் ஒவ்வொரு வினையும் முழுமையடைய வேண்டும். இயந்திரத்தில் அது தேவையில்லை. பொருளில் ஒரு சிறு பகுதி மட்டுமே சவ்வைக் கடந்தாலும், நிறம் பாதி மட்டுமே தோன்றினாலும், மாதிரியும் திட்டக் கரைசலும் ஒரே நேரத்துக்கு ஒரே பாதையில் சென்றால் போதும். இரண்டையும் ஒப்பிட்டு விடையைப் பெறலாம். முழுமையின் இடத்தில் ஒருமை வந்து அமர்ந்தது.

யூரியாவுக்கும் குளுக்கோசுக்கும் இக்கொள்கை நன்கு பொருந்தியது. அவை சீரத்திலும் திட்டக் கரைசலிலும் ஒரே வடிவில் கரைந்திருப்பவை. இரும்பு அப்படிப்பட்டதன்று. திட்டக் கரைசலில் அது கட்டற்ற இரும்பு உப்பு. சீரத்தில் டிரான்ஸ்ஃபெரினின் பிடியில் உள்ள இரும்பு. விடுவிப்பு முழுமையாக நிகழாவிட்டால் சீரத்தின் இரும்பில் ஒரு பகுதி சவ்வின் இப்புறமே தங்கிவிடும்; திட்டக் கரைசலின் இரும்புக்கோ அத்தகைய தடை எதுவுமில்லை. அப்போது விடை குறைவாக வரும். எத்தனை முறை அளந்தாலும் அதே குறைந்த விடையே அழகான சீர்மையோடு வரும். ஒருமை இருக்கும், உண்மை இராது. தானியங்கி அளவீட்டில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் ஒரே விடையைச் சரியான விடை என்று நம்பிவிடும் அபாயத்துக்கு இரும்பு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

1965இல் மட்டும் இரும்புக்கான தானியங்கி முறைகள் இரண்டு வெளிவந்தன: யங், ஹிக்ஸ் இருவரின் முறை ஒன்று, ஜாக், எப்ஸ்டீன் இருவரின் முறை மற்றொன்று. இத்தகைய முறைகளுக்கு நிறமூட்டியிடமிருந்து மூன்று தகுதிகள் தேவைப்பட்டன. நீரில் கரைய வேண்டும்; குழாய்களில் ஆல்கஹால் பிரித்தெடுப்புக்கு இடமில்லை. விரைந்து நிறம் தர வேண்டும், ஓட்டம் காத்திருக்காது. நிறம் ஆழ்ந்ததாக இருக்க வேண்டும். ஏனெனில் ஏற்கெனவே மிகச் சிறிதான இரும்பில் ஒரு பகுதியே சவ்வைக் கடக்கிறது. கேஸின் தொகுப்பிலிருந்து வந்த டிரைபிரிடில் டிரையசின் என்னும் பொருளை 1959இல் காலின்ஸ், டீல், ஸ்மித் மூவரும் இரும்புக்கான வினைக்காரணியாக அறிமுகப்படுத்தியிருந்தனர். 22,600 அளவு உறிஞ்சுதிறனோடு 593 நானோமீட்டரில் நீல நிறம் தரும் அது, 1964இல் ஃபிஷர், பிரைஸ் இருவரின் எளிய முறை வழியே சீரத்துக்குள் வந்தது. இயந்திரங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. சவ்வைக் கொண்ட இயந்திரம் பினாந்த்ரோலினைப் பின்னுக்குத் தள்ளிய காலம் இது.

சவ்வு போன பின்

1970களில் இயந்திரத்தின் வடிவம் மாறியது. தொடரோட்டத்துக்கு மாற்றாக, ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் கலம் தரும் இயந்திரங்கள் வந்தன. அவற்றில் சவ்வு இல்லை, மையவிலக்கும் இல்லை. சீரத்தின் புரதங்கள் அத்தனையும் கலத்துக்குள்ளேயே இருக்க, இரும்பை மட்டும் அளக்க வேண்டும்.

புரதத்தை நீக்காமல் நேரடியாக அளப்பது கையால் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டதுதான். 1966இல் குட்வினும் உடனாளர்களும் அத்தகைய நேரடி முறையொன்றை வெளியிட்டிருந்தனர். ஆனால் அதில் ஒரு இக்கட்டு உண்டு. டிரான்ஸ்ஃபெரின் இரும்பை விட அமிலம் வேண்டும். அமிலம் கூடினால் சீரத்தின் பிற புரதங்கள் கலங்கும். கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். ஒளிமானிக்கோ கலங்கலும் நிறமும் ஒன்றே. ஆகவே இரும்பு விடுபடும் அளவுக்கு அமிலமும், புரதம் கலங்காத அளவுக்குத் தயவும் ஒரே கரைசலில் கூடி வர வேண்டும். பிஎச் 4.5 முதல் 5 வரையிலான அசெட்டேட் தாங்கல் கரைசல்கள், புரதத்தைக் கரைநிலையிலேயே வைத்திருக்கும் பரப்புச் செயலிகள், புரதத்தின் மடிப்பைத் தளர்த்தும் குவானிடின் உப்புகள் ஆகியவை இதற்காகவே சேர்க்கப்பட்டன.

ஃபெரோசின் வந்து சேர்ந்தது இந்தத் தருணத்தில்தான். அதன் உறிஞ்சுதிறன் 27,900. மூலக்கூறிலேயே இரு சல்போனிக் தொகுதிகள் இருப்பதால் நீரில் நன்றாகக் கரையும். பிஎச் 4 முதல் 9 வரை நிறம் நிலைத்திருக்கும். நேரடி முறையின் குறுகிய அமில எல்லைக்குள் அது தடையின்றிப் பொருந்தியது. அதன் பிறப்பிடமும் தற்செயலானதன்று. ஹாக் நிறுவனத்தை நிறுவிய கிளிஃபோர்ட் ஹாக், 1950இல் நீரின் கடினத்தன்மையை அளக்கும் முறை குறித்து ஹார்வி டீலுடன் இணைந்து கட்டுரை எழுதியவர். நீரை ஆராய்ந்த அதே நகரத்து மரபே இரண்டாம் முறையாகக் குருதிக்குள் நுழைந்தது. நீர் ஆய்வாளரும் மருத்துவ ஆய்வகமும் கேட்டது ஒன்றையே: பிரித்தெடுப்பின்றி, வீழ்படிவின்றி, நீரிலேயே தோன்றும் நிலையான ஆழ்ந்த நிறம்.

1980களின் தொடக்கத்தில் ஃபெரோசினின் பீனைல் வளையங்களுக்குப் பதிலாக ஃபியூரான் வளையங்கள் கொண்ட ஃபெரீன் வந்தது. செரியோட்டியரும் ஹிக்கின்ஸும் அதனைச் சீரத்துக்குக் கையாண்டனர். அதன் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 35,500. உறிஞ்சும் அலைநீளம் 593 நானோமீட்டர். முன்னர் சொன்ன அதே கணக்கில் பினாந்த்ரோலின் 0.02 தந்த இடத்தில் ஃபெரோசின் 0.05 தரும், ஃபெரீன் 0.06க்குச் சற்று மேல் தரும். வளர்ச்சி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பல மில்லிலிட்டர் சீரத்தின் இடத்தில் சில பத்து மைக்ரோலிட்டர் போதும் என்ற நிலையை உண்டாக்கியதில் இதற்கும் பங்குண்டு. பச்சிளங்குழந்தையின் இரத்தத்தை அளக்கும்போது அந்த வேறுபாட்டின் மதிப்பு விளங்கும்.

கலங்கலுக்கும் சீரத்தின் இயல்பான மஞ்சள் நிறத்துக்கும் தீர்வு இரு புட்டி முறையாக அமைந்தது. முதல் புட்டியில் அமிலத் தாங்கலும் பரப்புச் செயலியும் பிற துணைப்பொருள்களும், இரண்டாவதில் நிறமூட்டி. ஒடுக்கும் பொருள் தயாரிப்புக்கேற்ப இரண்டில் ஒன்றில் அமையும். முதலாவதைச் சேர்த்தபின் ஒருமுறை, இரண்டாவதைச் சேர்த்தபின் மறுமுறை என ஒரே கலத்தில் இயந்திரம் இருமுறை பார்க்கும். வேறுபாடே இரும்பின் நிறம் எனக் கொள்ளும். பழைய மேசையில் ஆறேழு செயல்களாக இருந்தவை இரண்டு புட்டிகளுக்குள் அடங்கிவிட்டன.

செம்பும் இரும்பும்

நான்காவது செயலான பிறவற்றை வாய்மூட வைத்தல் இங்கேதான் முழு முக்கியத்துவம் பெறுகிறது. சீரத்தில் இரும்பு எவ்வளவோ, செம்பும் ஏறத்தாழ அவ்வளவே உண்டு: டெசிலிட்டருக்குச் சுமார் 100 மைக்ரோகிராம். அதில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தில் உள்ளது. இரும்பை விடுவிக்கும் அமிலம் செம்பையும் தளர்த்தும். இரும்பை ஒடுக்கும் பொருள் செம்பையும் ஒடுக்கும். ஒடுக்கப்பட்ட செம்பு ஃபெரோசினோடு சேர்ந்து நிறம் தரும். அந்த நிறத்தை இயந்திரம் இரும்பின் கணக்கில் வரவு வைக்கும்.

இந்தப் பிழை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கர்ப்ப காலத்தில் செருலோபிளாஸ்மின் கூடுகிறது. சீரத்தின் செம்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களிடமும் அது உயர்கிறது. நோய்த்தொற்றிலும் அழற்சியிலும் செம்பு ஏறுகிறது; அப்போதே சீரம் இரும்பு இறங்குகிறது. எவருடைய இரும்புக் குறைவைக் கண்டறிவது மிக முக்கியமோ, அவர்களுடைய சீரத்தில்தான் செம்பு இரும்பாக வேடமிட்டுக் குறைவை மறைக்கும் வாய்ப்பும் மிகுதி. செம்பை மட்டும் பற்றி நிறுத்தும் தயோயூரியா அல்லது நியோகுப்ராயினைச் சேர்ப்பதால் இது தடுக்கப்படுகிறது. புட்டியின் மேலொட்டில் சிறிய எழுத்தில் இறுதியாக இடம்பெறும் அந்த ஒரு பொருள், கர்ப்பிணியொருவரின் அறிக்கையில் ‘இயல்பு’ என்ற சொல் மெய்யா பொய்யா என்பதை முடிவு செய்யக் கூடியது.

வேறு சில குறுக்கீடுகள் மருத்துவத்திலிருந்தே பிறந்தன. இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி பெற்றவரின் சீரத்தில், டிரான்ஸ்ஃபெரினில் ஏறாத மருந்து இரும்பும் சில முறைகளில் அளவோடு சேர்ந்துவிடும். எண் உயர்ந்திருக்கும், மச்சைக்கு இரும்பு சென்றிருக்காது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்குத் தரப்படும் டெஃபெராக்சமின் இதற்கு நேர்மாறு, அது ஃபெரிக் இரும்பை இறுகப் பற்றிக்கொள்வதால் நிறமூட்டிக்கு எட்டாமல் போகும் பகுதி உண்டு, எண் தாழ்ந்திருக்கும். சில நோயாளிகளின் சீரத்தில் மிகுந்துள்ள ஒருவகை இம்யூனோகுளோபுலின் அமிலத்தில் கலங்கி, பொருளற்ற எண்களைத் தரும். கைவழி முறையில் இக்கலங்கல் பணியாளரின் கண்ணுக்குத் தென்பட்டிருக்கும். மூடிய கலத்துக்குள் அதைக் காணக் கண் இல்லை. எண் மட்டுமே வெளிவருகிறது.

இரு பாதைகள்

சர்வதேச இரத்தவியல் தரப்படுத்தல் குழு 1978இல் சீரம் இரும்பை அளப்பதற்கான பரிந்துரையை வெளியிட்டது. 1990இல் அதைத் திருத்தியது. 1978இன் பரிந்துரை, புரதத்தை டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தால் வீழ்படியச் செய்து, தயோகிளைகாலிக் அமிலத்தால் ஒடுக்கும் பழைய பாதையையே அடிப்படையாகக் கொண்டது. மருத்துவமனைகளோ அதற்குள் நேரடி முறைகளுக்குச் செல்லத் தொடங்கியிருந்தன. தரத்தின் பாதை ஒன்று, அன்றாடத்தின் பாதை வேறொன்று எனப் பிரிந்தது. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. நாளொன்றுக்குப் பல நூறு மாதிரிகளைக் காணும் ஆய்வகம் ஒவ்வொன்றையும் மையவிலக்கில் சுழற்ற இயலாது. ஆனால் இப்பிரிவின் பொருளை மறந்துவிடலாகாது. அறிக்கையில் அச்சாகும் எண் இரத்தத்திலிருந்து நேரே படித்தெடுத்த எண் அன்று. குறிப்பிட்ட அமிலம், குறிப்பிட்ட ஒடுக்கி, குறிப்பிட்ட நிறமூட்டி, குறிப்பிட்ட தடுப்புப் பொருள் ஆகியவற்றின் கூட்டு உடன்பாடு அது. புட்டி மாறினால் எண்ணும் சிறிது மாறலாம்.

வேதியியல் குறையற்றதாக இருந்தாலும், அளக்கப்படும் பொருளே நிலையற்றது. சீரம் இரும்பு ஒரே நாளில் ஏறி இறங்குவது. பொதுவாகக் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் காணப்படுவது. ஓர் இரும்பு மாத்திரை சில மணி நேரத்துக்கு அதை உயர்த்திவிடும். ஒரு காய்ச்சல் அதைத் தாழ்த்திவிடும். இதனால்தான் சீரம் இரும்பைத் தனியே படிக்காமல், டிரான்ஸ்ஃபெரினின் மொத்தப் பிணைப்புத் திறனோடு சேர்த்து, எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்று கணக்கிடும் வழக்கம் ஏற்பட்டது. அதற்கும் ஃபெரோசின் போன்ற பொருள்களே உதவின: மிகுதியான இரும்பைச் சேர்த்து, டிரான்ஸ்ஃபெரின் ஏற்றது போக எஞ்சியதை அளந்தால், காலியாக இருந்த இடம் எவ்வளவு என்று தெரியும்.

1972இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபைச் சேர்ந்த குழு சீரத்தில் ஃபெரிட்டினை அளக்கும் கதிரியக்க நோய்எதிர்ப்பு முறையை வெளியிட்டது. பயணத்தில் உள்ள இரும்பைவிட, கிடங்கில் உள்ள இரும்பைப் பற்றிப் பேசும் எண் அது. 2016 முதல் 2018 வரை இந்தியாவில் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இரும்புக் குறைவைக் கணக்கிடச் சீரம் ஃபெரிட்டினையே கொண்டது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கு இரத்தசோகையும் 32 விழுக்காட்டினருக்கு இரும்புக் குறைவும் இருப்பதாக அது தெரிவித்தது. இவ்விரண்டும் ஒன்றே அல்ல என்பதை, அதாவது எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று என்பதை, ஒரு நாடு தன் கொள்கையில் கருத்திற்கொள்ள வேண்டுமானால், எந்த எண் எதை அளக்கிறது என்ற தெளிவு வேண்டும்.

எனினும் சீரம் இரும்பின் அளவீடு வழக்கொழிந்துவிடவில்லை. இரும்பு மிகுந்து உறுப்புகளில் படியும் நோய்களிலும், அழற்சியால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்திருக்கும் நேரங்களிலும், நிரம்பல் விழுக்காடு இன்றும் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறை அது கணக்கிடப்படும்போதும், வியன்னாவில் ஒருவர் கண்ட சிவப்பு நிறமும், ஏம்ஸில் குடிநீரை ஆராய்ந்தவர்களின் உழைப்பும் ஒரு சிறு கலத்துக்குள் மீண்டும் நிகழ்கின்றன. அமிலத்தில் ஊறிய கண்ணாடிக் கலன்களும் கலங்கலைக் கண்ட கண்ணும் ஆய்வகத்தை விட்டுப் போய்விட்டன. அவை செய்த காவல் இப்போது புட்டியின் மேலொட்டில் எழுதப்பட்டுள்ள நான்கைந்து பெயர்களில் இருக்கிறது. அந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்த மாணவர் ஆய்வகத்தில் இருக்கும்வரை, எண்ணை ஐயுறவும் ஒருவர் இருப்பார்.